பஞ்சமும் பாண்டுரங்கனும்

ஊரை விட்டு வெகுதூரம் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் கடிதப் போக்குவரத்து நிறைந்திருந்த நாட்களில், எந்தக் கடிதமும் க்ஷேமம் என்ற சொல் இன்றித் தொடங்கியதில்லை. இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுத வேண்டும் என்று பெரியவர்கள் முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். இந்தச் சொல்லோடு யோகம் என்பதைச் சேர்த்து யோகக்ஷேமம் என்று வழங்குவதும் உண்டு. இதுவரை கிடைக்காததைப் பெறுவது யோகம். கிடைத்ததைக் காப்பது க்ஷேமம். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், வேறு நினைவின்றித் தன்னையே எண்ணுகிறவர்களுடைய இவ்விரண்டையும் தானே சுமப்பதாகக் கண்ணன் வாக்களிக்கிறான். 1956இல் நிறுவப்பட்ட ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் அந்த வாக்கையே தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டது. இரு கைகளுக்கு நடுவே சுடர்விடும் விளக்கை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கார்ப்பொரேஷன் அவ்வாக்கை எடுத்துக்கொண்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நாம் அதைத் திருப்பிப் போட்டு, ஆண்டவனையே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியாக எண்ணத் தலைப்படுவதுதான் விபரீதம். தவணை தவறாமல் பூஜையும் விரதமும் செலுத்தினோம்; ஆகவே வீட்டில் நோய் வரக் கூடாது, வேலை போகக் கூடாது, இளம் வயதில் எவரும் இறக்கக் கூடாது என்று கணக்கிடுகிறோம். கணக்குப் பொய்க்கும் நாளில் நம்பிக்கையும் உடன் போய்விடுகிறது. பெற வேண்டியது கிடைக்காமல், கிடைத்ததும் கைநழுவிப் போனவனுக்குக் கடவுளின் பராமரிப்பு என்று ஒன்று மிஞ்சுகிறதா? கேள்வி பழையது. இதை வாதத்தால் தீர்க்க முயன்றவர் பலர். வாழ்ந்து பார்த்தவர்களில், மராத்திய நாட்டுத் துக்காராமைப் போலத் தம் இழப்புக் கணக்கை ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. பூனாவிலும் பம்பாயிலும் குடியேறிய தமிழர்களுக்கு அவர் அண்டை வீட்டு மகான். ஏனையோருக்கும் பஜனை மண்டபத்தில் அபங்கம் பாடும் வேளையில் காதில் விழும் பெயர்.

பூனாவுக்கு வடமேற்கே, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளது தேஹு என்ற ஊர். அங்கே 1608இல் துக்காராம் பிறந்தார் என்பது பெருவழக்கான கணக்கு. குடும்பம் வேளாண்மையும் வாணிபமும் செய்தது. தானியம் விற்றது, வட்டிக்கும் கொடுத்தது. ஊரில் மதிப்புள்ள வீடு. முன்னோர் ஒருவர் நிறுவிய விட்டலன் கோயில் அக்குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்வதும் பரம்பரை வழக்கம். துக்காராமுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. மனைவி இறந்தபின் அவர் தீர்த்த யாத்திரையாகப் புறப்பட்டுப் போய்விட்டார். பதினேழு வயதை ஒட்டித் தாய் தந்தையரும் மறைந்தனர். கடையும் கடன் பத்திரங்களும் துக்காராமின் தோளில் இறங்கின. முதல் மனைவி ரக்குமாபாய் நோயாளி. அதனால் பூனாவைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் மகளான ஜிஜாபாயை இரண்டாந்தாரமாக மணம் செய்து வைத்திருந்தார்கள்.

இந்நிலையில்தான் 1630ஆம் ஆண்டின் பஞ்சம் வந்தது.

அப்பஞ்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற ஆறுதல் மலிவானதாகத் தோன்றும். அவ்வாண்டு குஜராத்திலும் தக்காணத்திலும் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டிலும் நிலைமை சீர்படவில்லை. 1632 வரை துயரம் நீடித்தது. அதே வேளையில் பேரரசர் ஷாஜஹான் பர்ஹான்பூரில் பாசறை அமைத்து, அஹமத்நகர் சுல்தான்களின் மீது போர் நடத்திக்கொண்டிருந்தார். பீஜப்பூர்ச் சுல்தானின் படையோ 1630ஐ ஒட்டிப் பூனாவைக் கொளுத்திப் பாழாக்கியது. படைகள் போகும் வழியில் விளைச்சல் நிற்காது. எஞ்சிய தானியமும் படை தங்கிய இடத்துக்கே முதலில் போகும். சூரத்திலிருந்து ஆக்ராவுக்குச் சென்ற பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி, வழியெல்லாம் கிடந்த பிணங்களையும் வெறிச்சோடிய கிராமங்களையும் தன் குறிப்பில் பதிந்திருக்கிறான். அரசவை வரலாறான பாதுஷாநாமாவே, மக்கள் தின்னத் தகாதவற்றைத் தின்ற கொடுமையை மறைக்கவில்லை. பர்ஹான்பூர், அஹமதாபாத், சூரத் நகரங்களில் அரசாங்கக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. தேஹு போன்ற சிற்றூர்கள் அவற்றிற்கு எட்டாத தூரத்தில் இருந்தன.

மழை நின்றது வானத்தின் செயலாக இருக்கலாம். ஊரைக் கொளுத்தியதும் வயலை மிதித்ததும் மனிதரின் செயல். பஞ்சம் முழுவதையும் ஆண்டவனின் திருவுள்ளம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது, குற்றவாளிகள் பலரைத் தப்பவிட்டு, இல்லாத குற்றத்தை இறைவன்மேல் சுமத்துவதாகும். தெய்வ பக்தி உள்ளவர்களே இதை முதலில் உணர வேண்டும் என்பது என் எண்ணம்.

துக்காராமின் வீட்டில் நடந்தது என்ன? தம் வரலாற்றைச் சொல்லும்படி அடியார்கள் கேட்டுக்கொண்டதால் பாடிய அபங்கம் ஒன்றில் அவரே வரிசையாகக் கூறுகிறார். பிறப்பால் தாம் சூத்திரர் என்றும், செய்தது வாணிபம் என்றும் தொடங்குகிறார். தாய் தந்தையர் போனார்கள். பஞ்சத்தில் பொருள் போயிற்று, பொருளோடு மானமும் போயிற்று. மனைவி உணவு உணவு என்று கேட்டபடியே உயிர் விட்டாள். வெட்கத்தால் மனம் குன்றியது. நடத்திய வியாபாரமும் நசித்தது. இவ்வளவும் சில அடிகளில் முடிந்துவிடுகின்றன. அழுகை இல்லை, அலங்காரம் இல்லை. பேரேட்டில் பற்று எழுதுவதைப் போல எழுதிச் செல்கிறார். தானியம் விற்றவர் வீட்டிலேயே ஓர் உயிர் தானியமின்றிப் போயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், வெட்கம் என்ற சொல்லை அவர் ஏன் இட்டார் என்பது விளங்கும். ரக்குமாபாயின் மகன் சந்துவும் அதே காலத்தில் இறந்தான் என்று மரபு கூறுகிறது.

பற்று எழுதிய பிறகு அவர் செய்த காரியங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவதாக, இடிந்து கிடந்த குடும்பக் கோயிலைத் தம் கையால் செப்பனிட்டார். பிறகு ஏகாதசி தோறும் அங்கே கீர்த்தனம் செய்யத் தொடங்கினார். படிப்பில் மனம் பழகாதிருந்தும், ஞானேசுவரர், நாமதேவர், ஏகநாதர், கபீர் முதலிய மகான்களின் பாடல்களை மனப்பாடம் செய்தார். ஊருக்கு அருகில் உள்ள பண்டாரா மலையில் போய் நாள் முழுவதும் அமர்ந்தார். இன்னொரு காரியத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அடியார் வரலாறுகளைப் பாடிய மஹீபதி கூறுகிறார். ஊரார் எழுதிக் கொடுத்திருந்த கடன் பத்திரங்கள் வீட்டில் இருந்தன. துக்காராம் தம்பி கான்ஹோபாவை அழைத்து, அவற்றை இரு பாகமாக்கினார். தம்பியின் பாகத்தைத் தம்பியிடமே கொடுத்தார். தம் பாகத்தை இந்திராயணியில் எறிந்தார்.

இச்செயலின் நியாயம் நுட்பமானது. தம்பியின் உரிமையைத் தம் துறவுக்குப் பலியிடவில்லை. பஞ்சத்தில் தம்மைப் போலவே எல்லாம் இழந்த உழவர்களிடம் இனி எதை வசூலிப்பது? கடவுள் காப்பார் என்று அவர்களிடம் உபதேசம் செய்வதற்குப் பதிலாக, அவர்கள் கழுத்தைச் சுற்றியிருந்த கயிறு ஒன்றைத் தாமே அறுத்தார். ஆண்டவனின் பராமரிப்பு மனிதருக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்று கேட்டால், அன்று தேஹுவின் கடன்காரர்கள் ஆற்றங்கரையைச் சுட்டிக் காட்டியிருப்பார்கள்.

இனி, பலரையும் திகைக்க வைக்கும் அபங்கத்துக்கு வருவோம். நொடித்துப் போனது நல்லதாயிற்று, பஞ்சம் வந்து வாட்டியது நல்லதாயிற்று, உலகத்தார் முன் அவமானப்பட்டது நல்லது, செல்வமும் கால்நடையும் போனது நல்லது என்று துக்காராம் அதிலே விட்டலனிடம் கூறுகிறார். காரணமும் சொல்கிறார். இவற்றால் உண்டான தாபத்தில் உன் நினைவு ஒன்றே என்னிடம் தங்கியது என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது கல்நெஞ்சமாகவோ, மனத்தைத் தேற்றிக்கொள்ளும் தந்திரமாகவோ தோன்றலாம்.

இதில் இரண்டு செய்திகளைக் காண வேண்டும். ஒன்று, நல்லது என்ற சொல்லைத் தமக்கு நேர்ந்தவற்றுக்கே அவர் வழங்குகிறார். பட்டினி கிடக்கும் அண்டை வீட்டானிடம் போய், உனக்கு நேர்ந்ததும் நல்லதே என்று அவர் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. துன்பத்தில் தெய்வச் செயலைக் காணும் உரிமை துன்பப்பட்டவனுக்கு உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அது கிடையாது. துக்கம் கேட்கப் போன வீட்டில், எல்லாம் அவன் சித்தம் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து வரும்போது, இந்த எல்லையைத் தெரியாமலே தாண்டிவிடுகிறோம். மற்றொன்று, நல்லது என்று அவர் கூறுவது இழப்பை அன்று. இழப்புக்குப் பின் எஞ்சியதை. நெருப்பைப் புகழவில்லை, நெருப்பில் வேகாத ஒன்று இருந்ததைக் கண்டு வியக்கிறார். கிடைக்காததைத் தரும் யோகமும் கிடைத்ததைக் காக்கும் க்ஷேமமும் இரண்டும் தவறிய இடத்தில், சுமக்கிறவன் தவறவில்லை என்று கண்டார். பொருளை எதிர்பார்த்தவருக்குப் பொருளின் சொந்தக்காரனே அகப்பட்டான் என்று சொல்லலாம்.

அதே அபங்கத்தில் மனைவி கடுமையானவளாக வாய்த்ததும் நல்லது என்று ஓர் இடம் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஜிஜாபாயைச் சண்டைக்காரி என்று காலமெல்லாம் ஏசி வந்திருக்கிறார்கள். இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கணவர் மலையில் அமர்ந்திருக்கிறார். வீட்டில் குழந்தைகள் பசித்திருக்கின்றன. வருகிற தானியமும் யாருக்காவது தானமாகப் போய்விடுகிறது. உலையில் போட ஒன்றும் இல்லாத பெண், கணவரின் மனத்தைக் கவர்ந்துகொண்ட பண்டரிநாதனை ஏசாமல் வேறு யாரை ஏசுவாள்? ஏசிக்கொண்டே அவள் நாள்தோறும் சோறு கட்டி எடுத்துக்கொண்டு பண்டாரா மலைக்குப் போனாள். கணவர் உண்ணும் வரை தான் உண்ணவில்லை. ஒரு நாள் வழியில் அவள் காலில் முள் தைத்தது. நடக்க முடியாமல் உட்கார்ந்த அவளுடைய பாதத்தைப் பிடித்து முள்ளை எடுத்தவன் அந்த விட்டலனே என்று மக்கள் கதை சொல்கிறார்கள். இறைவனின் காவல் யாருக்கு என்பதைப் பற்றிப் பாமர மக்கள் வழங்கிய தீர்ப்பு இக்கதை. கீர்த்தனம் செய்தவருக்காக மட்டும் அவன் வரவில்லை, தன்னைத் திட்டியவளின் காலடியிலும் வந்து குனிந்தான்.

திட்டுவதில் துக்காராமும் குறைந்தவர் அல்லர். அவருடைய பாடல்களில் சாந்தம் மட்டுமே இருக்கும் என்று நினைத்துப் படிக்கப் புகுபவர் திடுக்கிடுவார். வியாபாரியின் மொழியிலேயே இறைவனோடு வழக்காடுகிறார். பற்று, வரவு, கடன், பத்திரம், ஜாமீன் எல்லாம் அங்கே வந்து நிற்கின்றன. என்னைப் பொறுத்தவரை தெய்வம் செத்துப் போயிற்று, மற்றவர்க்கு இருந்தால் இருக்கட்டும் என்னும் பொருளில் கூட ஓர் அபங்கம் உண்டு. அந்தப் பாடலை அவருடைய அடியார்கள் தொகுப்பிலிருந்து நீக்கிவிடவில்லை. மற்றவற்றோடு சேர்த்தே பாடுகிறார்கள். ஆறுதல் அவருக்கு ஒரே இரவில் வந்துவிடவில்லை. சந்தேகமும் கோபமும் வெறுமையும் கடந்து, மறுபடியும் அவற்றில் விழுந்து, மறுபடியும் எழுந்து வந்தது. மனம் கசந்து போன வேளையில் நம் பக்தி குறைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறவர்களுக்கு இச்செய்தி ஒன்றே பெருந்துணை.

அவர் வழக்காடிய தெய்வத்தின் கோலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பண்டரிபுரத்து விட்டலன் செங்கல் ஒன்றின்மேல், இரு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அசுரனைக் கொல்வதில்லை, மலையைத் தூக்குவதில்லை. தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், தன்னைக் காண வந்த கண்ணனைக் காத்திருக்கச் சொல்லி ஒரு செங்கல்லைத் தள்ளினான் என்பதும், அன்று அதன்மேல் ஏறியவன் இன்னும் இறங்கவில்லை என்பதும் தலபுராணம். மராத்திய அடியார்களின் மனத்தில் கடவுளின் காவல் என்பதற்கு இந்த உருவமே அடையாளம். துன்பத்தை வராமல் தடுத்தான் என்பதைக் காட்டிலும், வந்தபோது விலகிப் போகாமல் நின்றான் என்பதே அவர்களுடைய அனுபவம். தமிழில் நாம் ஊழ் என்றும் அருள் என்றும் இரு சொற்களை வைத்திருக்கிறோம். ஊழ் கணக்குப் பார்க்கும். அருள் உடன் இருக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு விழிப்பது உண்டு.

துக்காராமுக்குச் சோதனை பஞ்சத்தோடு முடியவில்லை. சூத்திரர் ஒருவர் வேதப் பொருளை மக்கள் மொழியில் பாடுவதா என்று வாகோலியைச் சேர்ந்த ராமேசுவர பட்டர் எதிர்த்தார். அதன் விளைவாகத் தம் பாடல் ஏடுகளைத் துக்காராமே இந்திராயணியில் அமிழ்த்த நேர்ந்தது. முன்பு அதே ஆற்றில் கடன் பத்திரங்களைப் போட்டார். அது மகிழ்ச்சியோடு செய்தது. ஏடுகள் போனதோ உயிர் போனது போலாயிற்று. ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் பதின்மூன்று நாள் உண்ணாமல் கிடந்தார். ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது மரபு. அதன் பின்னர் அவர் பாடிய அபங்கங்களில் வெற்றிக் களிப்பு இல்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து உன்னைச் சோதித்தேனே, பதின்மூன்று நாள் உனக்குத் தொல்லை கொடுத்தேனே, தண்ணீரில் நின்று காகிதம் காக்க வைத்தேனே என்று நாணுகிறார். எதிர்த்த ராமேசுவர பட்டர் பிற்பாடு அவருக்கே சீடரானார். பிராமணப் பெண்ணான பஹிணாபாயும் அவரைக் குருவாக ஏற்று, தம் வாழ்க்கையைப் பாடல்களில் எழுதி வைத்தார்.

துக்காராம் 1650ஐ ஒட்டி மறைந்தார். பாடல்கள் அடியார்களின் நாவிலும் கையெழுத்து ஏடுகளிலும் வாழ்ந்தன. ஏறத்தாழ 4,600 அபங்கங்களைக் கொண்ட தொகுப்பு, பம்பாய் அரசின் பொருளுதவியுடன், 1869இலும் 1873இலும் இரு பாகங்களாக அச்சாயிற்று. 1930இல் எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள் அவற்றுள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தேஹு அச்சிறையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இப்பாடல்கள் வந்த வழியும் நீண்டது. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் மராத்திய மன்னர் ஆண்டனர். அக்காலத் தொடர்பால் அபங்கங்கள் நம் பஜனை மரபில் இடம் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்தியக் கீர்த்தன முறையைத் தழுவி நம் கதாகாலட்சேபத்தை உருவாக்கினார். 1938இல் துக்காராமின் வரலாறு தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாக நடித்தார். ஆகவே மராத்திய நாட்டில் குடியேறிய தமிழன் அபங்கத்தைக் கேட்கும்போது அயலார் பாட்டைக் கேட்பதாக நினைக்க வேண்டியதில்லை. மொழி புரியாவிட்டாலும் மெட்டுப் பழகியது.

துக்காராமின் மகன் நாராயணர் 1685இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, அடியார் கூட்டத்தோடு பண்டரிபுரத்துக்கு நடந்து செல்வது அது. இன்றும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு அப்பல்லக்குத் தேஹுவிலிருந்து புறப்பட்டு, பூனாவின் தெருக்கள் வழியாகச் சென்று, மூன்று வாரத்தில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து போய்ச் சேருகிறது. போகிறவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். விதைப்புக் காலமும் மழை எதிர்பார்ப்பும் அதுவே. விதைத்ததை நிலத்திடம் விட்டுவிட்டு, மழை வருமா என்பது தெரியாமலே அவர்கள் நடக்கிறார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டால் நனைந்துகொண்டே பாடுகிறார்கள்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்தபோது கூட்டம் கூட இயலவில்லை. லட்சக்கணக்கானோர் நடக்கும் சாலையில் அவ்வாண்டு பாதுகைகள் அரசாங்க பஸ்ஸில் பண்டரிபுரம் போயின. உடன் சென்றவர்கள் சிலரே. 2021லும் அவ்வாறே நடந்தது. வார்கரிகள் அவரவர் வீட்டில் இருந்தபடி அபங்கம் பாடினார்கள். 2022இல் பல்லக்கு மறுபடியும் தேஹுவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டது.